‘நான் நிதானமாத்தேன் இருக்கேன்’ என்ற பேச்சை எவ்வளவு நம்பலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கம் கஞ்சா பிடிபட்ட செய்தி மாவட்டப் பக்கத்தில் வராத வாரம் குறைவு. எத்தனை கிலோ, எத்தனை பேர் கைது, எந்த வண்டி பறிமுதல் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. மிஞ்சினால் கீழே ஒரு பெட்டிக்குள், ‘மூளையைப் பாதிக்கும், மனநோய் வரும்’ என்று இரண்டு வரி இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் கப்பலூரில் பட்டறை வைத்திருப்பவருக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டும் பிள்ளையின் தாயாருக்கும் அந்த இரண்டு வரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மூளையின் எந்த வேலை கெடுகிறது, எத்தனை மணி நேரம் கெடுகிறது, அதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது என்று தெரிந்தால்தான் அவர்கள் ஏதாவது செய்ய முடியும். அப்படி ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். தான் செய்த தவறைத் தானே கண்டுபிடிக்கும் வேலை அது.

மூளை இதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, வேகமாக விசை அழுத்தும் சோதனை ஒன்றைக் கொடுத்தால், விரல் தவறான விசையில் பட்ட 50 முதல் 100 மில்லிநொடிக்குள் முன்னந்தலையின் நடுப்பகுதியில் ஒரு கூர்மையான மின் அலை விழுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன. நெற்றிக்குப் பின்னால், இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் உள்மடிப்பில் இருக்கும் முன் சிங்குலேட் புறணிதான் இதன் முக்கியப் பிறப்பிடம். வேடிக்கை என்னவென்றால், செய்தவருக்குத் தவறு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்த முதல் அலை பெரும்பாலும் வந்துவிடுகிறது. ‘அடடா, தப்பாப் போச்சே’ என்று அவர் உணர்வது அடுத்துவரும் அலையோடு சேர்ந்தது. அது தவறு நடந்து 200 முதல் 400 மில்லிநொடி கழித்து, சற்றுப் பின்னால், உச்சந்தலைப் பக்கம் தெரியும். முதல் அலை மூளைக்குள் நடக்கும் எச்சரிக்கை என்றால், இரண்டாவது அலை அந்த எச்சரிக்கை ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம்.

கஞ்சா எந்த இடத்தில் கைவைக்கிறது? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியான பதில் தருகிறது. வழக்கமாகக் கஞ்சா பயன்படுத்துவோரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் போதைப்பொருள் இல்லாத ஆவியையும், இன்னொரு பிரிவுக்குக் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யில் 5.5 மில்லிகிராமையும், மூன்றாவதற்கு 22 மில்லிகிராமையும் கொடுத்தார்கள். முதல் அலை அதிக அளவு வாங்கியவர்களிடம் மட்டுமே சிறுத்தது. இரண்டாவது அலையோ, அதாவது தவறை உணரும் அலை, குறைந்த அளவு வாங்கியவர்களிடமும் சிறுத்துவிட்டது. ‘ரெண்டே இழுப்புதான், அதுக்குள்ள என்ன ஆகிரும்’ என்று பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. குறைந்த அளவில் முதலில் அடிபடுவது விரல் வேகமோ கண் பார்வையோ அல்ல என்றும், தன்னைத் தானே சரிபார்க்கும் அந்தக் கடைசிப் படிதான் என்றும் எண்ண இடமிருக்கிறது.

நீண்டகாலம் பயன்படுத்துவோரைப் பற்றி ராபர்ட் ஹெஸ்டர், லியாம் நெஸ்டர், ஹக் கராவன் ஆகிய மூவர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுணுக்கமானது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறங்களின் பெயர்கள் வரும். ‘சிவப்பு’ என்ற சொல் சிவப்பு எழுத்திலேயே வந்தால் விசையை அழுத்த வேண்டும். அதே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அழுத்தக் கூடாது. ‘பச்சை’ என்ற சொல் சிவப்பு எழுத்தில் வந்தாலும் அழுத்தக் கூடாது. கை முந்திவிட்டதை உணர்ந்தால், உணர்ந்துவிட்டேன் என்று தனியாகக் குறிப்புக் கொடுக்க வேண்டும். இரண்டு விதியையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டியிருப்பதால் எப்பேர்ப்பட்டவரும் தவறுவார். சோதனையே அதற்காகத்தான். கஞ்சா பயன்படுத்துவோர் 16 பேர், பயன்படுத்தாதோர் 16 பேர். கையை அடக்குவதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு செய்த தவறை உணர்ந்து குறிப்புக் கொடுத்ததில்தான் இருந்தது. பயன்படுத்துவோர் பல தவறுகளைக் கவனிக்காமலே தாண்டிப் போனார்கள். அந்த நேரத்தில், மூளையின் எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் எடுத்த படத்திலும் முன் சிங்குலேட் புறணி, மூளையின் பக்கவாட்டில் உள்ளே மறைந்திருக்கும் வலப்பக்க இன்சுலா ஆகிய இடங்களின் செயல்பாடு குறைந்திருந்தது.

இதைத் தொழிலில் வைத்துப் பார்த்தால் விளங்கும். புதூர் தொழிற்பேட்டையில் லேத்தில் நிற்கும் இருவர் ஷிஃப்டுக்கு ஐந்து உருப்படியை அளவு தவறிக் கடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நான்கை அவரே மைக்ரோமீட்டரில் பிடித்து ஒதுக்கிவிடுகிறார், ஒன்றுதான் வெளியே போகிறது. இன்னொருவர் இரண்டைப் பிடிக்கிறார், மூன்று வெளியே போகிறது. தவறின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சூப்பர்வைசருக்கு இருவரும் ஒன்றுதான். ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து சரக்கு திரும்பி வருவது இரண்டாமவரால்.

ஆய்வுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பதினாறு பேர் என்பது சின்ன எண்ணிக்கை. தன் தவறைக் கவனிக்கும் இயல்பு முன்பே குறைவாக உள்ளவர்கள்தான் கஞ்சாவின் பக்கம் அதிகம் போகிறார்களோ என்ற கேள்விக்கு 2009 ஆய்வை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. லைடன் சோதனையில் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவர்கள் ஆய்வாளர்கள் என்பதால், உடனடி விளைவைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் பெரிதும் நீங்குகிறது. மதுவும் இந்த முதல் அலையைச் சிறுக்கவைக்கிறது என்பது 2002-லேயே தெரிந்த செய்தி. ஆகவே டாஸ்மாக் கடைக்குப் போகிறவர்கள் கஞ்சாக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தால் கேடு கூடுதல், காரணம் உடம்பில் மது இருக்கும்போது இரத்தத்தில் டி.எச்.சி. அளவும் ஏறுகிறது.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி.யை ரஃபேல் மெச்சூலம், யெஹியேல் கவோனி என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1964-ல் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிக்கு சி.பி.1 என்று பெயர். பெருமூளைப் புறணி, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ், சிறுமூளை ஆகியவற்றில் இது ஏராளம். மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. அபின், ஹெராயின் போல அளவு மீறினால் மூச்சு நின்றுபோவது கஞ்சாவில் நடக்காததற்கு இதுவே காரணம். சாதாரணமாக நரம்பணுவே, தனக்கு வரும் சமிக்ஞை அதிகமாகும்போது மட்டும், இந்த ஏற்பியில் ஒட்டும் பொருளைத் துளியாகச் சுரந்து, அனுப்பும் அணுவைச் சற்று அடக்கிவைக்கும். வேலை முடிந்ததும் அது சிதைந்துவிடும். டி.எச்.சி. அப்படி இடம் பார்த்து, நேரம் பார்த்து வருவதில்லை. எல்லா இடத்திலும் மணிக்கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. எதிர்பார்த்தது நடக்காதபோது, நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் சட்டென்று இறங்குவதுதான் தவறு அறிவிப்பின் அடிப்படை என்று ஒரு கோட்பாடு உண்டு. டி.எச்.சி. அந்த இறக்கத்தை மங்கச் செய்யலாம். இது கோட்பாடுதான், தீர்ப்பு அல்ல.

‘அடிச்சா வேல நல்லா ஓடுது, கவனம் கூடுது’ என்று பட்டறைகளில் பேசுவதைப் பலர் கேட்டிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறோம். தவறும்போது உள்ளே ஒரு சுருக்கென்ற உணர்வு வந்தால்தான் வேலை கெடுவது தெரியும். அந்தச் சுருக் வரவில்லை என்றால் வேலை வழுக்கிக்கொண்டு போவதுபோலத்தான் இருக்கும்.

அடுத்து நேரக் கணக்கு. நடைமுறையில் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் இரத்தத்தில் டி.எச்.சி. உச்சத்துக்குப் போய், வேகமாக இறங்கிவிடும். போதை உணர்வு இரண்டு, மூன்று மணி நேரத்தில் தணியும். திறமை திரும்ப அதைவிட நேரமாகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் 191 பேரை வைத்து, திரைமுன் வண்டி ஓட்டும் கருவியில் சோதித்து, 2022-ல் முடிவு வெளியிட்டார்கள். இழுத்து அரை மணியில் கேட்டபோது பலரும் ‘இப்ப வண்டி எடுக்க மாட்டேன்’ என்று தயங்கினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘எடுப்பேன்’ என்றார்கள். ஆனால் அவர்கள் ஓட்டிய விதம் அப்போதும் தேறவில்லை. ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில்தான், ஒப்பிடுவதற்காக டி.எச்.சி. இல்லாததை இழுக்கக் கொடுத்தவர்களோடு சமமானது. தைரியம் திரும்பியதற்கும் திறமை திரும்பியதற்கும் நடுவில் மூன்று மணி நேரம். மாட்டுத்தாவணியில் இழுத்துவிட்டு, டீ குடித்து, முகம் கழுவி, ‘தெளிஞ்சிருச்சு’ என்று ரிங் ரோட்டில் வண்டியை எடுப்பது சரியாக அந்த இடைவெளியில்தான் விழுகிறது. டீயும் தண்ணீரும் தூக்கத்தைக் கலைக்கும், டி.எச்.சி.யை ஒன்றும் செய்யாது.

கஞ்சா சாக்லேட், பாங்கு உருண்டை போன்று தின்னும் வகைக்குக் கணக்கே வேறு. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறித்தான் மூளைக்குப் போகிறது. தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும். வழக்கமான விபரீதம் என்னவென்றால், முக்கால் மணியில் ஒன்றும் ஏறவில்லை என்று இரண்டாவதைத் தின்பது. பிறகு இரண்டும் ஒன்றாக ஏறும். இரவு பத்து மணிக்குத் தின்றவர் காலை ஆறு மணி ஷிஃப்டில் முழுத் தெளிவோடு நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சோதனைக் கருவிகளிலும் குழப்பம் நிறைய. போக்குவரத்துக் காவலர் வைத்திருக்கும் ஊதும் கருவி மதுவை மட்டுமே காட்டும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பு மதுவுக்கானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் போதைப்பொருளும் வருகிறது, ஆனால் ஊதச் சொல்லி அதைப் பிடிக்க முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பட்டை காட்டுவது டி.எச்.சி.யை அல்ல, உடம்பு அதைச் சிதைத்தபின் மிஞ்சும் கழிவை. ஒருமுறை இழுத்தவருக்கு மூன்று நாள் போலவும், தினமும் இழுப்பவருக்கு விட்டபிறகும் ஒரு மாதம் வரையும் அது வரும். ஆகவே பட்டையில் கோடு காட்டியதால் அந்த ஆள் இப்போது போதையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. பட்டையை மட்டும் வைத்து வேலையை விட்டு அனுப்புவது அநியாயம். இப்போதுதான் இழுத்தவருக்குப் பட்டை இன்னும் ஒன்றும் காட்டாமலும் இருக்கலாம். அண்மையில் பயன்படுத்தியதை அறிய எச்சில் சோதனை ஓரளவு பொருத்தம், அதுவும் ‘பயன்படுத்தினாரா’ என்றுதான் சொல்லும்.

அப்படியானால் பட்டறையில், நூற்பாலையில், மருந்துக்கடையில் என்ன செய்வது? முதலில் ‘நல்லாத்தானே இருக்க?’ என்று கேட்பதை விட்டுவிடலாம். எந்தக் கருவி பழுதோ அதையே அளவுகோலாக வைத்து அளப்பது அது. அவர் ‘நல்லாத்தேன் இருக்கேன்ணே’ என்பார், மனதாரச் சொல்வார். வேலையின் தரத்தை அவருக்கு வெளியே இருந்து பார்க்க வேண்டும். ஷிஃப்டின் முதல் உருப்படியையும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் வரும் முதல் உருப்படியையும் இன்னொருவர் அளக்கட்டும். அளப்பவருக்கு முதலாமவர் குறித்த அளவைக் காட்டக் கூடாது. காட்டினால் அதையே பார்த்து எழுதிவிடுவார், இது போதை இல்லாதவர்களும் செய்வதுதான். மைக்ரோமீட்டரின் சுழியும் அப்போதே பார்க்கப்பட வேண்டும், இல்லையென்றால் கருவியின் பிழையை ஆளின் தலையில் கட்டுவோம்.

இன்னொன்று செலவில்லாதது. கழிவு எழுதும் நோட்டில் உருப்படி, அளவு, காரணம் என்று மூன்று கட்டம் இருக்கும். நான்காவதாக ‘யார் கண்டது’ என்று ஒரு கட்டம் போடுங்கள். செய்தவரே கண்டாரா, பக்கத்தில் நின்றவரா, தரம் பார்ப்பவரா, வாடிக்கையாளரா? ஒருவர் தானே கண்டுபிடிக்கும் பங்கு வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தால் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். கஞ்சா என்று முடிவுகட்ட அது ஆதாரம் ஆகாது. தொடர் இரவு ஷிஃப்டில் தூக்கம் கெட்டவரிடமும், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தவரிடமும், வீட்டுக் கவலையில் மனம் ஒடிந்தவரிடமும் இதே இறக்கம் வரும். காரணம் எதுவானாலும் பேச வேண்டியது அவசியம் என்பதால் நோட்டு வீணாகாது. இந்தக் கட்டத்தில் வருவதை வைத்துச் சம்பளம் பிடித்தால் மட்டும் காரியம் கெட்டது, மறுவாரமே எல்லாக் கழிவையும் ‘நானே கண்டேன்’ என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

சில வேலைகளில் இந்த ஏற்பாடும் போதாது. சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் இடம், மேலூர்ப் பக்கம் குவாரியில் வெடி வைக்கும் இடம், உயரத்தில் சாரம் கட்டும் இடம் இங்கெல்லாம் தவறைப் பிறகு கண்டுபிடித்து ஒதுக்குவதற்கு அவகாசம் இல்லை. அங்கே சந்தேகம் வந்தாலே அன்றைக்கு வேறு வேலைக்கு மாற்றிவிடுவதுதான் சரி. கூலியைக் குறைக்காமல் மாற்ற வேண்டும். கூலி போகும் என்றால் சக தொழிலாளி வாய் திறக்க மாட்டார்.

வீட்டுக்கு வருவோம். ‘கேட்டா இல்லேங்கிறான், தப்பே செய்யலேங்கிறான், பச்சப்பொய்’ என்று பெற்றோர் குமுறுவது நியாயம்தான். ஒளிப்பது ஒரு பாதி. மறுபாதியில் அவனுக்கே தெரியவில்லை. மதிப்பெண் இறங்கியது, கடனாக வாங்கியதைத் திருப்பித் தர மறந்தது, தங்கையிடம் எரிந்து விழுந்தது, இவை ஒவ்வொன்றும் நடந்த கணத்தில் சுருக்கென்று படாமல் போனதால், கூட்டிப் பார்க்க அவனிடம் கணக்கே இல்லை. ‘நீ முன்ன மாதிரி இல்ல’ என்ற பேச்சு அவன் காதில் வெறும் சண்டையாக விழும். ‘போன செவ்வாய்க்கிழமை கேஸ் அடுப்ப அணைக்காமப் போய்ட்ட, வியாழக்கிழமை ஹால் டிக்கெட்ட பஸ்ல விட்டுட்டு வந்த’ என்று நாள் சொல்லி, இரண்டு மூன்று மட்டும் சொல்லுங்கள். இழுத்துவிட்டு வந்து நிற்கும் இரவில் வேண்டாம், மறுநாள் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். அப்பா கோபக்காரர் என்றால் மாமாவோ சித்தப்பாவோ பேசுவது நல்லது.

‘மூளையே போச்சு, இனி திரும்பாது’ என்று பயமுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. தினமும் பயன்படுத்துவோரின் மூளைப் புறணியில் சி.பி.1 ஏற்பிகள் குறைந்திருப்பதையும், நாலு வாரம் போல விட்ட பிறகு அவை ஏறத்தாழ பழைய நிலைக்குத் திரும்புவதையும் 2012-ல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியிருக்கிறது. பதின்வயதினரின் நினைவாற்றல், கவனம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை, மூன்று நாளுக்கு மேல் விட்டிருந்தவர்களிடம் குறைபாடு வெகுவாகச் சுருங்குவதாகச் சொல்கிறது. விடும்போது முதல் வாரம் கடினமாக இருக்கும் என்பதைக் குடும்பம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும், தூங்கினால் விசித்திரமான கனவு வரும். முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரம் போல இருந்து தணியும். ‘விட்டதுக்கப்புறம்தான் ரொம்ப மோசமா இருக்கான்’ என்று அந்த நேரத்தில் கைவிடுகிறவர்கள் அதிகம். இதற்கென்று ஒப்புதல் பெற்ற மாத்திரை கிடையாது. பேச்சு முறைச் சிகிச்சையே பிரதானம். ‘ஒரே ஊசியில் நிறுத்திக் காட்டுகிறோம்’ என்ற சுவரொட்டியை நம்பிப் பணத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்திகளில் ‘கஞ்சா போதையில்’ என்று எழுதும் முன், இரத்தமோ எச்சிலோ சோதிக்கப்பட்டதா என்று நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும். பையில் பொட்டலம் இருந்ததும் மூளையில் டி.எச்.சி. இருந்ததும் ஒன்றல்ல. பறிமுதல் செய்தி வரும் பக்கத்திலேயே உதவி எண்களையும் போடலாம், இடம் இரண்டு வரிதான் ஆகும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வெளிநோயாளியாகப் பார்க்கலாம்.

‘ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல மாட்டிவிட்ருவாக’ என்ற பயம் ஊர்ப்பக்கம் பலரைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்திய குற்றமோ சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையானவர், தானே முன்வந்து அரசு அல்லது உள்ளாட்சி நடத்தும், அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கஞ்சாவில் சிறு அளவு என்பது ஒரு கிலோ வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பும் போய்விடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் பிள்ளையை அழைத்துப்போக வேண்டும்.

இப்படிக்கு,
மனநலம், நரம்பியல் துறைகளில் பணிபுரிவோர் சிலர்,
மதுரை.